பழக்கமில்லாதவர்களைச் சேர்க்கும் பாட்டு: மட்டக்களப்பு, அம்பாறைக் கூட்டங்களுக்கான கேள்வி பதில்

கடற்கரையிலோ கோயில் வீதியிலோ பாடசாலை மைதானத்திலோ 30 முதல் 150 பேர்வரை கூடும் நேரடி இசைக் கூட்டம் ஒன்றை நடத்த நினைப்பவர்கள் அடிக்கடி கேட்பவை இவை. சீட்டு வாங்கி மேடையைப் பார்க்கும் கச்சேரிகளை இங்கே எடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் அறியாமல் வந்தவர்கள் கதைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பதிவான பாட்டைப் பெட்டியில் போட்டுவிடலாமே. ஆள் இருந்து பாடத்தான் வேண்டுமா?

வேண்டும். பெட்டியில் ஓடும் பாட்டு யாருக்காகவும் நிற்காது. கூட்டத்தின் கைதட்டல் பின்தங்கினால் மத்தளக்காரர் உடனே கண்டுகொண்டு நடையைத் தளர்த்துவார். ஒரு வரியைச் சனம் பிடித்துக்கொண்டால் பாடகர் அதையே நாலு தரம் திருப்புவார். நான் தட்டியது அங்கே கேட்டிருக்கிறது என்று வந்தவருக்கு விளங்கும் இடம் அதுதான்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2009 இல் வில்டர்முத், ஹீத் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகளில், ஒரே தாளத்தில் சேர்ந்து நடந்தவர்களும் பாடியவர்களும் பிறகு பணம் வைத்து ஆடிய கூட்டு விளையாட்டில் மற்றவர்களைவிட ஒருவரோடொருவர் ஒத்துழைத்தார்கள். 2015 இல் பியர்ஸ், லோனே, டன்பார் ஆகியோர் வெளியிட்டது இன்னும் பயனுள்ளது. வளர்ந்தவர்களுக்கான பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு மூன்றையும் ஏழு மாதம் பின்தொடர்ந்தார்கள். முடிவில் மூன்று வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பாட்டு வகுப்பார் ஆரம்பத்திலேயே மளமளவென்று நெருங்கிவிட்டார்கள். பாட்டின் பலம் வேகத்தில் இருக்கிறது. ஒரே ஒரு மாலை நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் அந்த வேகம் பெரிய விஷயம்.

கதிரை போட்டு வரிசையாக இருத்தலாமா?

வேண்டாம். வரிசையில் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் பிடரி. வட்டமாகப் பாய் விரியுங்கள், மத்தளம் நடுவில் நிற்கட்டும். கூத்து ஆடும் களரி வட்டமாக இருப்பதும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்பதும் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம்.

ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீற்றர் போகும். மேடையிலிருந்து 34 மீற்றர் தள்ளி இருப்பவருக்கு அடி பத்தில் ஒரு நொடி பிந்திக் கேட்கும். அவர் தட்டும் தட்டல் மேடைக்குத் திரும்பி வர இன்னொரு பத்தில் ஒன்று. நிமிடத்துக்கு 100 அடி என்ற நடையில் ஒரு அடிக்கு 0.6 நொடிதான் உண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பெரிய மைதானத்தில் பின்வரிசையின் கைதட்டல் எப்போதும் இழுபடுவதற்குக் காரணம் இதுதான், தாளஞானக் குறைவு இல்லை. 36 அடி விட்டமுள்ள வட்டத்தில் கடைசி ஆளும் மத்தளத்திலிருந்து 18 அடிக்குள்தான். அங்கே பிந்தல் காதுக்குத் தெரியாது.

அளவு: உள்வட்டம் 24 அடி விட்டம். ஒரு ஆளுக்கு 2 அடி வைத்தால் 37 பேர். மூன்று அடி பின்னால் இரண்டாம் வட்டம், 47 பேர். மூன்றாவதில் 56. மொத்தம் 140. ஆனால் நாலு பக்கமும் மூன்று அடி வழி விடுங்கள், அப்போது 120 பேர் இருப்பார்கள். வழி இல்லாவிட்டால் பிந்தி வருகிறவர் வெளியே நின்றே பார்த்துவிட்டுப் போய்விடுவார். முழங்கால் வலிக்காரருக்கு மூன்றாம் வட்டத்துக்குப் பின்னால் நாலைந்து வாங்கு போதும்.

அறியாத ஆண்களுக்குப் பக்கத்தில் பெண்கள் இருக்க மாட்டார்கள். அப்போது?

இருக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஒரே வட்டத்தை இரு அரைவட்டமாகப் பிரியுங்கள்: ஒரு பாதியில் பெண்களும் பிள்ளைகளும், மறு பாதியில் ஆண்கள். நடுவில் மத்தளம் பொது. இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு பாதி கேட்க மறு பாதி மறுமொழி பாடும் பாட்டுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை.

எந்தப் பாட்டைத் தெரிவு செய்வது?

வேலைப்பாட்டுகளில் தொடங்குங்கள். கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டும், சூடடிக்கும் களத்தில் பாடிய பொலிப்பாட்டும் ஒத்திகை இல்லாதவர்கள் சேர்ந்து பாட என்றே உண்டானவை. ஒருவர் வரி சொல்வார், மற்றவர்கள் இழுப்போடு ஒரு சொல்லைத் திருப்புவார்கள். வலையில் யார் நின்றாலும் அந்தச் சொல் ஒன்று போதும். கும்மியும், கூட்டமாக ஆடிப் பாடும் வசந்தனும் அடுத்த படி.

தெரிவு செய்யும்போது மூன்றைப் பாருங்கள். திருப்பிப் பாட வேண்டிய வரி ஒரு மூச்சுக்குள், எட்டு நொடிக்குள், முடிய வேண்டும். மூன்று தரம் கேட்டால் பிடிபட வேண்டும். சுருதி 1 கட்டையில் (ஆர்மோனியத்தின் C) இருந்து, மெட்டு மேல் ஷட்ஜத்தைத் (ச) தாண்டாமலும் கீழ்ப் பஞ்சமத்துக்குக் (ப) கீழே போகாமலும் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் ஆண், பெண், பிள்ளை எல்லோரும் அவரவர் குரலில் நிற்கலாம். வழக்கமாகக் கெடுவது இங்கேதான். நல்ல பாடகி தனக்கு வசதியான 5 கட்டையில் எடுத்து மேல் பஞ்சமம்வரை போகிறார், கூட்டம் கேட்டு வியக்கிறது, வாய் மூடிக்கொள்கிறது.

சொல் எழுதிய தாள் கொடுக்காதீர்கள். தாள் கைக்கு வந்ததும் தலை குனியும், கைதட்டலும் நின்றுவிடும்.

எதைப் பாடக் கூடாது?

வைகாசிச் சடங்கில் கண்ணகை அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளுத்தி, உடுக்கோடு பாடும் காவியங்கள் இவற்றைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம். அவற்றுக்கு இடமும் நாளும் உண்டு. நடைமுறைக் காரணமும் இருக்கிறது: உடுக்கொலி கேட்டால் உருவேறி ஆடுகிறவர்கள் கூட்டத்தில் இருக்கக்கூடும். கோயிலில் அவரைத் தாங்கிப் பிடிக்கவும் மஞ்சள் தண்ணீர் கொடுக்கவும் ஆட்கள் இருப்பார்கள். கடற்கரையில் யார் இருக்கிறார்கள்?

கொம்புகளைப் பிணைத்து இழுத்து முறிக்கும் கொம்புமுறி விளையாட்டின் பாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து ஒன்றையொன்று ஏசிப் பாடும். ஊருக்குள் உறவாக இருப்பவர்களுக்கு அது விளையாட்டு. பழக்கமில்லாதவர்கள் நடுவில் அதே வரி சுடும். கட்சிப் பாட்டு, போர்க்காலப் பாட்டு எந்தத் தரப்புடையதும் வேண்டாம். வெடி கொளுத்தவும் வேண்டாம். இங்கே வெடிச் சத்தத்துக்கு உடம்பு பதறும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பொல்லுத் தட்டி ஆடும் களிகம்பை, பழகாதவர்களை வைத்து ஆட முடியுமா?

முடியும். பத்து நிமிடத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க வைக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது. முஸ்லிம் ஊர்களில் களிகம்பு, பொல்லடி என்றும், தமிழ் ஊர்களில் கோலாட்டம் என்றும் இருப்பதால் இரு பக்கத்திலும் யாராவது ஒருவருக்குக் கால் நடை தெரிந்திருக்கும்.

பொல்லு 18 அங்குலம், பெருவிரல் பருமன், நன்றாகக் காய்ந்த வைரமரம். பச்சை மரம் "டொக்கு" என்று செத்த ஒலி தரும், அந்த ஒலியோடு யாருக்கும் உற்சாகம் வராது. ஆளுக்கு இரண்டு பொல்லு. 12 பேர் வட்டமாக நடுவைப் பார்த்து நிற்க, 1, 2 என்று மாறி மாறி எண் சொல்லுங்கள். எண்ணிக்கை இரட்டையாக இருப்பது கட்டாயம். எல்லோரும் வலப்பக்கம் திரும்பினால் ஒவ்வொருவரும் அடுத்தவரின் முதுகைத்தான் பார்ப்பார்கள். ஆகவே "1" காரர் வலப்பக்கமும் "2" காரர் இடப்பக்கமும் திரும்ப வேண்டும், அப்போதுதான் முகத்துக்கு முகம் சோடி சேரும்.

நாலு அடி: முதல் அடி தன் பொல்லு இரண்டையும் தானே தட்டுவது. இரண்டாவது சோடியோடு. மூன்றாவது மறுபடி தானே. நாலாவது எதிர்ப்பக்கம் திரும்பி மற்ற அயலவரோடு. நிமிடத்துக்கு 60 அடியில் மூன்று நிமிடம் ஓட்டுங்கள், பிறகு 80. அது நிலைத்தபின் ஒவ்வொரு 16 அடிக்கும் "1" காரர் மட்டும் ஒரு "2" காரரைத் தாண்டி நகரட்டும். ஆறு நகர்வில் ஒவ்வொருவரும் எதிர் எண்காரர் ஆறு பேரையும் சந்தித்துவிடுவார்கள். அதற்கு ஒன்றேகால் நிமிடம்கூட ஆகாது.

விரல் அடிபடுவதற்குக் காரணம் இரண்டுதான். பொல்லின் நடுவைப் பிடிப்பது ஒன்று. அடி மூன்றில் ஒரு பங்கில் பிடித்து, மேல் மூன்றில் ஒரு பங்கால் தட்ட வேண்டும். மற்றது காலைப் பார்த்து ஆடுவது. "எதிரே உள்ளவரின் பொல்லு நுனியைப் பாருங்கள்" என்று ஒரு தரம் சொல்லுங்கள், நுனியைப் பார்க்கிறவர் முகத்தையும் பார்த்துவிடுவார். யாராவது பிழைவிட்டு வட்டம் குலைந்தால் பாட்டை நிறுத்தாதீர்கள், மத்தளம் ஓடட்டும். சிரித்துக்கொண்டே அவர்களாக மறுபடி பிடிப்பார்கள்.

கூத்துப் பார்க்க வெளியூர் ஆள் போகலாமா?

தாராளமாக. கோடை மாதங்களில் கோயில் திருவிழாவோடு ஒட்டி ஆடுவார்கள், இரவு தொடங்கி விடியும்வரை போகும். மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அதன்பிறகுதான் அரங்கேற்றம். அதனால் ஊரில் பாதிப் பேருக்காவது ஏதாவது ஒரு கூத்தரோடு உறவு இருக்கும். நீங்கள் பாயும் போர்வையும் கொண்டு போங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு இருங்கள், களரியைக் குறுக்கே கடக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "இப்ப வாறது ஆர்?" என்று கேட்டால் போதும். கதை, ஆடுகிறவர் யாருடைய மகன், அவருடைய அப்பா அதே பாத்திரத்தை எப்படி ஆடினார், எல்லாம் வந்துவிடும். கூத்தின் இரு மோடிகளில் ஒன்றான வடமோடியில், கரப்புப் போல விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் முடியும் போட்டு ஆடும் அரசன் வியர்த்து மூச்சு வாங்கும் இடத்தில் பிற்பாட்டுக்காரர் வரியை எடுத்துக்கொள்வார்கள். அந்த இடங்களில் சபையும் சேர்ந்து பாடும், நீங்களும் பாடலாம்.

பல்கலைக்கழக மேடைக்குக் கூத்து வந்த வரலாறு தனி. பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் தயாரித்த கர்ணன் போர் 1962 இல் வந்தது. மேடைக்குச் சுருக்கிய கூத்தில் அழகு உண்டு, ஆனால் பாயில் இருந்து கேள்வி கேட்கும் இடம் அதில் குறைவு.

பறங்கியர் ஆட்டம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில், வயலின் முன்னின்று இழுக்கும் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தைச் சோடிகளாக ஆடுகிறார்கள். சேர்ந்து ஆட விரும்பினால் முதல் சுற்றை ஓரத்தில் நின்று பாருங்கள், அழைத்தால் போங்கள். ஆறடித் தாளம், பைலாவைக் கேட்டு வளர்ந்த காலுக்கு உடனே பிடிபடும்.

பறைமேளம் வைக்க விரும்புகிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பறை அடிப்பவர்களை வேலிக்கு வெளியே நிறுத்தி, தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்த காலம் இந்த ஊர்களில் இருந்தது. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்கிறோம்: மற்றக் கலைஞருக்கு எவ்வளவோ அவ்வளவே சம்பளம், அதே பாய், அதே தேத்தண்ணி, அறிவிப்பில் அதே அளவில் பெயர். வட்டத்தின் நடுவில் இடம். சேர்ந்திருப்பதற்கென்று கூட்டம் கூட்டிவிட்டு ஒருவரை ஓரத்தில் நிறுத்தினால் அந்தக் கூட்டத்துக்கு அர்த்தமே இல்லை.

பல மொழி, பல சமயத்தவர் வந்தால்?

அம்பாறை மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பின்படி முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர் எவரும் பாதியைத் தாண்டவில்லை. அறுகம்பைப் பக்கம் என்றால் அலைச்சறுக்க வந்த வெளிநாட்டவரும் நிற்பார்கள். முதல் இரண்டு பாட்டுக்குச் சொல்லே வேண்டாம்: "தந்தனத் தானா", "ஏலேலோ", கூத்தின் தாளக்கட்டுகள். நாக்குப் பழகியபின் ஒவ்வொரு மொழியிலும் ஒரு வரி. றபான் என்ற ஒருபக்கத் தோல் மேளம் வாசிப்பவரையும் மத்தளக்காரரையும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக இருத்தி, அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். இருவரும் நடையைப் பேசி எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அனுமதி, நேரம்?

ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007 இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைப்படி இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை பொதுவாக அனுமதி கிடையாது. கடற்கரை, பூங்கா என்றால் மாநகர சபை அல்லது பிரதேச சபை. கோயில் வீதி என்றால் கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர். பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் நிருவாகத்தாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், கடிதம் மட்டும் அனுப்பாதீர்கள்.

எங்கள் பரிந்துரை பின்னேரம் 4.30 முதல் 6 வரை. கோடையில், பொழுது மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகையின் பாங்குக்கு முன் முடியும், பிள்ளைகளோடு வருகிறவர்கள் இருட்டுமுன் வீடு சேர்வார்கள். டிசம்பர் 26 அன்று கடற்கரையில் வைக்காதீர்கள். 2004 இல் கடல் கொண்டுபோனவர்களுக்கு விளக்கேற்றும் நாள் அது.

காற்றும் மழையும்?

ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரிவரை மாரி. அந்த மாதங்களில் மண்டபம்தான். கோடையில் கச்சான் என்ற மேல்காற்று தரையிலிருந்து சுடச்சுட வீசும், அது ஓய்ந்தால் கடற்காற்று வரும். காற்று வரும் பக்கமாகப் பாடகரை இரண்டு மூன்று அடி நகர்த்துங்கள். காற்றோடு போகும் குரல் நிலத்தை ஒட்டிப் போகும், எதிர்த்துப் போவது மேலே வளைந்து கேட்காமல் போகும். அலையிலிருந்து 50 மீற்றராவது தள்ளி, சவுக்கு மரங்களின் பக்கம் இருந்தால் இரைச்சல் குறையும்.

மைக் வேண்டுமா?

60 பேர்வரை வேண்டாம். அதற்குமேல் பாடகருக்கு ஒன்று, மத்தளத்துக்கு எதுவும் வேண்டாம். 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டை நடுவில் முதுகோடு முதுகாக வைத்து வெளிப்பக்கம் திருப்புங்கள், பாடகர் அவற்றுக்கு இடையில் நிற்கட்டும். வட்டத்துக்கு வெளியே வைத்து உள்ளே திருப்பினால் மைக் அதன் ஒலியையே பிடித்து ஊளையிடும். ஒலியைக் கூட்டும் ஆசை எல்லாச் சவுண்ட்காரருக்கும் உண்டு, ஆனால் பக்கத்தில் இருப்பவர் பாடுவது கேட்காவிட்டால் யாரும் பாட மாட்டார்கள். அளவு இதுதான்: இருவர் சாதாரணக் குரலில் கதைத்தால் விளங்க வேண்டும்.

ஜெனரேற்றர் என்றால் 30 மீற்றர் தள்ளி, காற்று போகும் பக்கம். வயரை நடைவழியில் விடாதீர்கள், வேறு வழி இல்லையென்றால் மேலே பாய் போட்டு மூடுங்கள்.

இரவில் மேளத் தோல் தளர்ந்துவிடுகிறதே?

பனியீரம் ஏறினால் றபானும் பறையும் தொய்யும். வைக்கோல் தீக்கு ஒரு முழம் மேலே பிடித்து, சுற்றிச் சுற்றி அரை நிமிடம் காட்டுங்கள், உள்ளங்கை தாங்கும் சூடுதான் அளவு. அவசரப்பட்டுக் கிட்டப் பிடித்தால் தோல் ஓரத்தில் கிழியும். கருஞ்சாந்து வைத்த மத்தளத்தைத் தீயில் காட்டவே கூடாது, சாந்து வெடித்துவிடும். அதை வாசிக்காத நேரத்தில் துணி சுற்றி வைத்து, தேவையானபோது வாரை இறுக்குங்கள்.

வெட்கப்பட்டு ஓரத்தில் நிற்பவரை எப்படி உள்ளே எடுப்பது?

கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மைக்கில் கூப்பிடாதீர்கள். வேலை கொடுங்கள். பாயின் மறு நுனியைப் பிடிக்கச் சொல்லலாம், சல்லரியை (கைத்தாளம்) கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லலாம். சல்லரி கையில் இருக்கிறவர் இரண்டாம் பாட்டில் அதைத் தட்டிக்கொண்டிருப்பார். தட்டாவிட்டாலும் குறை இல்லை, கேட்டுக்கொண்டு நிற்பதும் வந்ததுதான்.

தேத்தண்ணி எப்போது?

கூட்டத்தின் நடுவில் கொடுங்கள். முடிவில் வேண்டாம். முடிவில் கொடுத்தால் குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். 45 ஆம் நிமிடத்தில் 15 நிமிட இடைவேளை. 100 பேருக்கு 12 லீற்றர் தண்ணீர், 250 கிராம் தேயிலை, ஒரு கிலோ சீனி, 150 கிராம் இஞ்சி. ஒரே ஒரு பானையில் இருந்து ஒரே வரிசையில் ஊற்றுங்கள். கொஞ்சம் தாமதமாகும், அந்தத் தாமதத்தில்தான் "நீங்க எந்த ஊர்?" என்ற கேள்வி வரும். வறுத்த கச்சானை (நிலக்கடலை) சுருளாக ஆளுக்கொன்று கொடுக்காமல் நாலு பேருக்கு ஒரு தட்டில் வையுங்கள்.

ஒரு தரம் வந்தவர் மறுபடி வருவாரா?

நாள் நிலையாக இருந்தால் வருவார். பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை நல்ல தெரிவு: வெளிச்சம் உண்டு, ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் வைத்தால், முடிந்தபின் விரும்பியவர்கள் ஐந்தாறு பேராகத் தோணி எடுத்துக் கல்லடிப் பாலத்தடிக்குப் போகலாம். தண்டு வலிப்பதை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்தால், வாவி அமைதியாக இருக்கும் நிலவு நாளில் பாடும் மீனின் ஒலி ஏறி வரும். ஒரு தோணிக்கு ஒரு துடுப்புத்தான் இருக்கும். முறைக்கு முறை கை மாற்றிக் கேட்க வேண்டும்.